இருபத்து மூன்று சோடிச் சப்பாத்து

கேத்தில் கொதிப்பதற்குள் யோகராணி அக்காவின் சுட்டுவிரல் சுவரில் தொங்கும் தடியில் ஒரு வெட்டுத் தள்ளி நின்றுவிட வேண்டும். நேற்று நின்ற வெட்டுக்கு அடுத்த வெட்டு. விரலை அங்கே வைத்துக்கொண்டு, "இண்டைக்கு ஆற்றை நாள்?" என்று சுவரைக் கேட்பா. பாதி நாட்களில் அந்த வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு படமும் இராது. "ஒருத்தரும் இல்லை. அப்ப இண்டைக்கு என்ரை நாள்" என்று சொல்லித் தேயிலையைப் போடுவா. படம் ஏதும் இருந்துவிட்டாலோ, கேத்தில் ஆவி கக்கி ஓய்ந்த பிறகும் அந்தக் குசினியில் தேத்தண்ணி வராது. கதைதான் வரும்.

தடி என்றால் அடிக்கிற தடி இல்லை. இரண்டு முழ நீளம், இரண்டு விரல் அகலம், தட்டையான பலகை. விளிம்பில் நாளுக்கொரு வெட்டு. ஒரு பக்கம் கோடை, மறுபக்கம் குளிர். எழுத வாசிக்கத் தெரியாத காலத்தில் நோர்வேச் சனம் நாள் பார்த்த கலண்டர் இது. பிறிம்ஸ்தாவ் என்பார்கள். தேவாலயம் எந்த நாளைத் திருநாள் என்றதோ அந்த வெட்டுக்கு நேரே ஒரு படம் செதுக்கியிருக்கும். ஒரு கோடரி, ஒரு வாத்து, ஒரு தராசு, ஒரு பியர்ப் பீப்பா. கிறிஸ்துமசுக்கு நிமிர்ந்து நிற்கும் குடிகொம்பு, சனவரி பதின்மூன்றில் கவிழ்ந்து கிடக்கும். கொண்டாட்டம் முடிந்தது, போய் வேலையைப் பார் என்று அர்த்தம்.

ஒஸ்லோவில், எங்கள் பக்கத்து ஸ்டோவ்னரில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காகப் பழைய சாமான் விற்ற ஒரு சனிக்கிழமை, உடைந்த பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு அடியிலிருந்து அக்கா இதை இழுத்து எடுத்தா. கூடப் போன கணவர் சண்முகலிங்கத்தார் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கூழ் துழாவ நல்லாயிருக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து ஊத்தை துடைத்துப் பார்த்தால், கோடைப் பக்கத்தின் முதல் வெட்டு ஏப்ரல் பதினாலு. அக்கா அறைக்கு அறை ஓடித் திரிந்தாவாம். "இஞ்சேருங்கோ, எங்கடை வருசப் பிறப்பப்பா. இவங்களுக்கும் அண்டைக்குத்தான் தடி திரும்புது." அன்றிலிருந்து சித்திரைப் பிறப்புக்குப் பொங்கிப் படைத்த கையோடு தடியைத் திருப்பி மாட்டுவது அந்த வீட்டில் சடங்கு. பக்கத்து ஆணியில் ராகுகாலம் போட்ட தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. இரண்டுக்கும் இதுவரை சண்டை வந்ததில்லை.

அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. உயரம் என் சட்டைப்பை மட்டும். நெற்றியில் திருநீறு, அதை மறைத்தும் மறைக்காமலும் ஒரு கம்பளித் தொப்பி. சிரிப்பு முதலில் தோளில் தொடங்கும். சத்தம் வராது. தோள் இரண்டும் ஏறி இறங்கும், கண் மூடும், பக்கத்தில் நிற்கிறவரின் சட்டைக் கையை எட்டிப் பிடிப்பா. சத்தம் வருவதற்குள் எங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். என்ன பகிடி என்று பிறகுதான் விசாரிக்க வேண்டும்.

அவவோடு தெருவில் நடப்பது பெரிய கரைச்சல். ஒஸ்லோவில் சாக்கடை மூடி எல்லாவற்றிலும் நகரத்து முத்திரை வார்த்திருக்கிறது. திரிகைக் கல்லும் மூன்று அம்பும் பிடித்துக்கொண்டு ஒரு புனிதர் இருப்பார், காலடியில் ஒரு பெண். ஹல்வார்ட் என்று பெயர். ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆள். நான் முப்பது வருடமாக மிதித்துத் திரிகிற மூடி. அக்கா ஒவ்வொன்றையும் சுற்றிப் போவா. "ஒரு பிள்ளைத்தாச்சியைக் களவு சொல்லித் துரத்த, காப்பாத்தப் போய்ச் செத்த மனுசன் தம்பி. திரிகைக் கல்லைக் கட்டிக் கடலிலை போட்டும் மிதந்தவராம். அவற்றை முகத்திலை நான் மிதிக்கிறதோ?" பஸ் தரிப்பிலிருந்து எங்கள் மாடிக் கட்டடம் வரை பதினொரு மூடி. அக்காவுடன் வந்தால் சாமான் பையோடு பதினொரு வளைவு.

இவ்வளவும் எங்கே பொறுக்கினா என்றால், தூசியோடு பொறுக்கினது. நகரத்தின் பழைய இடிபாடுகளைச் சனத்துக்குக் காட்டும் சிறிய சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அலுவலகத்தைத் துப்புரவாக்குவதுதான் அக்காவின் பதினேழு வருட வேலை. மேசையில் கிடக்கும் துண்டுப் பிரசுரத்தைத் தூக்கித் துடைப்பா, திருப்பி வைக்கும் முன் இரண்டு வரி வாசிப்பா. அடுத்த நாள் அடுத்த இரண்டு வரி. நோர்வேஜிய மொழியும் அப்படி வந்ததுதான். மரக்கறி வாங்கும்போது தடுமாறுவா. துறவி மடம், பிஷப், பாவசங்கீர்த்தனம் என்றால் தண்ணீர்பட்ட பாடு.

"நீங்கள் சைவம். உங்களுக்கேன் இந்த வேதக்காரக் கதை?" என்று ஒருநாள் கேட்டேன். நான் டயர் மாற்றும் கடையில் வேலை செய்கிறவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த கொடுக்கல் வாங்கல் முடிந்தது. படிப்புக் கதை என்றாலே எனக்கு முகம் கடுத்துவிடும்.

அக்கா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டா. "உம்மடை கடையிலை எப்பத் தம்பி சனம் நெரியும்?"

"ஈஸ்டர் முடிய. பனிக்குப் போட்ட ஆணி டயர் கழட்டோணுமெல்லே. சட்டம்."

"ஈஸ்டர் எப்ப வரும்?"

"கலண்டரிலை போட்டிருக்கும்."

"கலண்டருக்கு ஆர் சொன்னது? மார்ச் இருபத்தொண்டுக்குப் பிறகு வாற பூரணை, அதுக்குப் பிறகு வாற ஞாயிறு. ஆயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்திப் பிஷப்மார் கூடிப் பறைஞ்சு வைச்ச ஏற்பாடு. பூரணை பாத்து டயர் கழட்டுறீர். இப்பச் சொல்லும், உம்மடை முதலாளி ஆர்?"

எனக்கு வேலை கிடக்கிறது என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன். மறுநாள் தூக்கிய காருக்குக் கீழே நின்றபோது அந்தப் பிஷப்மார் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பது மாதிரி இருந்தது. எரிச்சல்.

அக்காவுக்கு மிகவும் பிடித்தது வெள்ளிக்கிழமைக் கதை. வெள்ளிக்கிழமைகளில் அவ மச்ச மாமிசம் தொடுவதில்லை. பழைய ஐரோப்பாவில் வெள்ளி வந்தால் இறைச்சி இல்லை, ஆனால் மீன் தின்னலாம். விரத நாள் எல்லாம் சேர்த்தால் வருடத்தில் நூறுக்கு மேல். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் அவ்வளவு மீனுக்கு எங்கே போவது? "வடக்கிலை லொபோத்தன் தீவுகளிலை கொம்பிலை காயப்போட்ட உப்பில்லாக் கருவாடு இருக்கே. அது பேர்கன் துறைமுகத்துக்குப் போய், பேர்கனிலையிருந்து கப்பலேறி ஐரோப்பா முழுக்கப் போச்சு. ஒரு ஊர் கட்டப்பட்டதே விரதத்தாலை. நான் வெள்ளிக்கிழமை பருப்புக் கறி திண்டு ஆற்றை ஊரைத் தம்பி கட்டினனான்?" தோள் ஏறி இறங்கும். என் சட்டைக் கை போய்விடும்.

பியர்ச் சட்டமும் அப்படித்தான். இந்த நாட்டின் மேற்குப் பக்கத்துப் பழைய சட்டமொன்றில், கிறிஸ்துமசுக்கு வீட்டில் பியர் காய்ச்சி, கிறிஸ்துவுக்கும் மாதாவுக்கும் என்று ஆசீர்வதித்துக் குடிக்க வேண்டும். மூன்று வருடம் தொடர்ந்து காய்ச்சாதவனுக்குக் காணி பூமி போய்விடும். இதைக் கேட்டதிலிருந்து சண்முகலிங்கத்தார் அந்த மதத்தில் ஒரு மரியாதை வைத்திருக்கிறார்.

டி-பானை என்கிற சுரங்க ரயிலுக்கு நிற்கும்போது அக்காவுக்கு மணிக்கதை. ரயில் ஆறு ஐம்பத்திரண்டுக்கு வர வேண்டும் என்று சனம் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும். அக்கா என் முழங்கையில் இடிப்பா. "இந்தக் குணம் துறவிகள் பழக்கினது. நாளுக்கு ஏழெட்டுத் தரம் மணியடிச்சு எழும்பு, கும்பிடு, தின், படு எண்டு. மணி தவறக்கூடாதெண்டுதான் மணிக்கூடு செய்யப் பைத்தியமாத் திரிஞ்சவங்கள். மணிக்கூடு வந்தாப் பிறகு சனம் கோயிலுக்குப் போறதை விட்டிட்டுது. மணிக்கூட்டை விடேல்லை." நல்லதை மட்டும் சொல்லுகிற ஆளும் இல்லை. மதத்துக்கு மாறிக் கதைத்தவர்களைத் தேவாலயம் எரித்த கதையும் தெரியும். அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிடுவா. பிறகு சிரிப்பு வர ஐந்து நிமிடமாவது செல்லும்.

இதையெல்லாம் பொறுக்காத ஒரே ஆள் றெபேக்கா. கீழ் மாடி, கத்தோலிக்கம், பாலர் பாடசாலையில் வேலை. அக்காவின் உயிர்ச் சிநேகிதி. "எடி, ஞானஸ்நானம் எடுத்த எனக்கு நீ பாப்பரசரைப் படிப்பிக்கிறியோ?" என்று வாசலில் நின்றே தொடங்குவா.

"நீ கும்பிடுறாய். கும்பிடேக்கை கண்ணை மூடுறாய். நான் வாய் பாக்கிறவள், எனக்குத்தான் எல்லாம் தெரியுது."

"உன்ரை வாயாலைதான் போன முறை வள்ளத்தை விட்டனி."

இந்த இடத்தில் அக்கா பேச்சை மாற்றிவிடுவா. ஏனென்றால் அது உண்மை.

சங்கத்தில் கோடை ஞாயிறுகளுக்கு வழிகாட்டிகள் எடுப்பார்கள். ஹூவெடோயா தீவில், நகரசபைக்கு முன்னாலிருந்து வள்ளத்தில் பத்து நிமிடம், பழைய துறவி மடம் ஒன்றின் இடிபாடு இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வெள்ளை அங்கித் துறவிகள் வந்து 1147இல் தொடங்கியது. கூரை இல்லை. கல்லும் புல்லும்தான். அங்கே சனத்தைக் கூட்டிக்கொண்டு போய் நாற்பத்தைந்து நிமிடம் விளக்க வேண்டும். பதினேழு வருடம் அந்த வழிகாட்டிகளின் கோப்பிக் கோப்பைகளைக் கழுவி வைத்த அக்கா, போன புரட்டாதியில் தானும் விண்ணப்பம் போட்டா. பரீட்சைச் சுற்றில் இரண்டு மணி பத்து நிமிடம் பேசினா. வந்த சனம் வள்ளத்தைத் தவறவிட்டு அடுத்த வள்ளம் வரும்வரை குளிரில் நின்றது. தேர்வாளர் லீசா, முப்பத்து நாலு வயது, சிரிப்பில்லாத நேர்மையான பிள்ளை, கொப்பியில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுத்தா: "கதை அதிகம், வரலாறு குறைவு."

ஒருவருக்கு இரண்டு தரம்தான் வாய்ப்பு. இரண்டாவது இந்த மே பதினைந்து. ஹல்வார்டின் நாள். தடியில் திரிகைக் கல் செதுக்கியிருக்கும் வெட்டு.

"இந்த முறை விட்டால் சரி தம்பி," என்று மாடிப்படியில் வைத்துச் சொன்னா. சிரிக்கவில்லை. "பிறகும் அந்த மேசையைத் துடைக்கத்தான் வேணும். வாற போற வழிகாட்டியள் எல்லாம் அந்த மேசையிலை இருந்து பிழையாச் சொல்லுவினம். நான் கேட்டுக்கொண்டு துடைக்கோணும். அதுதான் ஏலாது."

அதனால் பாடமாக்கினா. பதினொரு பக்கம், சங்கம் கொடுத்த எழுத்து, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். ஆறு மாதம் எங்கள் கட்டடத்துக் குழாய்கள் வழியாக அந்தப் பதினொரு பக்கமும் எனக்கும் கேட்டது. குசினி வாசல்தான் மடத்துத் தேவாலய வாசல். சண்முகலிங்கத்தார் சனம். அடுப்பு பலிபீடம். வாசலில் நின்று வரவேற்பு, உள்ளே காலெடுத்து வைத்து முதலாம் பக்கம், குளிர்ப்பெட்டியடியில் ஐந்தாம் பக்கம், கழுவுதொட்டியில் முடிவு. நாற்பத்து நான்கு நிமிடம். சண்முகலிங்கத்தார் கையில் மணிக்கூடு.

"உமக்கு விசர். எனக்கும் பாடமாப் போச்சு," என்றார் அந்த மனிதர். குளிக்கும்போது துறவிகளின் சாப்பாட்டு ஒழுங்கை முணுமுணுத்தாராம்.

மே பதினைந்து சனிக்கிழமை மாதிரி வெளிச்சமாக விடிந்தது, ஆனால் அது வேலைநாள். முதல் நாள் மழை. கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் போனேன். போகாமல் விட்டால் இந்த மாடிப்படியில் நான் எப்படி ஏறி இறங்குவது. வள்ளத்தில் எண்ணினேன். நான், சண்முகலிங்கத்தார், றெபேக்கா, லீசா, சங்கத்தின் அறிவித்தல் பார்த்து வந்த பத்தொன்பது நோர்வேக்காரர். எல்லாம் இருபத்து மூன்று. அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. றெபேக்கா செபமாலை உருட்டினா. "அவளுக்காகத்தான். அவளுக்குச் சொல்லிப்போடாதை," என்றா.

தீவில் இறங்கி, மரங்களுக்கிடையே நடந்து, இடிந்த தேவாலயத்தின் வாசலுக்கு வந்தோம். வாசல் என்றால் இரண்டு பக்கம் கல், நடுவில் ஒரு படி, மேலே வானம். அக்கா படியில் நின்று வரவேற்றா. சுத்தமான நோர்வேஜியம், ஒரு சொல் பிசகில்லை. "உள்ளே வாருங்கள்" என்று திரும்பினா. திரும்பும்போது வலது கால் இடது சப்பாத்தின் குதியை அழுத்தியது, இடது கால் வலதை அழுத்தியது. இரண்டு சப்பாத்தையும் படிக்குப் பக்கத்தில் கழற்றி விட்டுவிட்டு காலுறையோடு, வெறும் மேசோடு உள்ளே போய்விட்டா. ஆறு மாதம் குசினியில் வெறுங்காலோடு பாடமாக்கிய கால். நாற்பது வருடம் கோயில் வாசலில் பழகிய கால். காலுக்கு இது பரீட்சை என்று யார் சொல்வது.

இதுவரையும் பெரிய விசயமில்லை. அடுத்ததுதான் விசயம். இந்த நாட்டில் ஒருவர் வீட்டுக்குள் யாரும் சப்பாத்தோடு போவதில்லை. வாசலில் நிற்கிற வீட்டுக்காரி கழற்றினால் விருந்தாளியும் கழற்றுவான், கேள்வியே இல்லை. முன்னால் நின்ற நரைத்த தாடிக் கிழவர் அக்காவின் சப்பாத்தைப் பார்த்தார். குனிந்தார். கயிற்றை அவிழ்த்தார். அவர் மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தன்னுடையதை உருவினா. பிறகு ஒவ்வொருவராக, சத்தமில்லாமல். நாங்கள் தமிழர் மூன்று பேரும் ஏற்கனவே கழற்றிவிட்டு நின்றோம். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியாது. என் வலது மேசில் பெருவிரல் வெளியே நின்று தீவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியாக லீசா. முழங்கால் வரை கயிறு கட்டும் நீளச் சப்பாத்து. கல்லில் உட்கார்ந்து, கொப்பியை வாயில் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு துளையாக அவிழ்த்தா.

அக்கா முதலாம் பக்கத்தை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா.

கூரையில்லாத இடிபாட்டில், நனைந்த புல்லில், இருபத்து மூன்று பேர் மேசோடு நிற்கிறார்கள். சுவரோரம் இருபத்து மூன்று சோடிச் சப்பாத்து வரிசையாக, நுனி எல்லாம் வெளிப்பக்கம் பார்த்து. றெபேக்கா கண்ணை மூடிவிட்டா. சண்முகலிங்கத்தார் உதட்டை அசைத்து இரண்டாம் பக்கத்தின் முதல் வரியை எடுத்துக் கொடுத்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. தன் காலைப் பார்த்தா. பிறகு எங்கள் காலை. லீசா கொப்பியைத் திறந்து ஏதோ எழுதினா.

தோள் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. பிடிக்கப் பக்கத்தில் சட்டைக் கை இல்லாமல் கல்லைப் பிடித்தா.

"நான் பழக்கத்தில் கழற்றினேன்," என்றா நோர்வேஜியத்தில். "எங்கள் கோயிலில் அப்படி. இது என் பிழை. நீங்கள் ஏன் கழற்றினீர்கள்?"

தாடிக் கிழவர் தன் ஈர மேசுகளைப் பார்த்து யோசித்தார். "நீங்கள்தானே வாசலில் நின்றீர்கள்," என்றார். "நீங்கள் கழற்றினீர்கள்."

அக்கா பதினொரு பக்கத்தையும் அந்த இடத்தில் விட்டா. எனக்குத் தெரிந்தது. சண்முகலிங்கத்தாருக்கு முதலே தெரிந்து மணிக்கூட்டைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார்.

"அப்படியென்றால் நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. எண்ணூறு வருடத்துக்கு முந்தி இங்கே நடந்ததை நீங்கள் இப்போது செய்து காட்டிவிட்டீர்கள். இந்த வாசலுக்கு வந்த உழவனுக்கு லத்தீன் தெரியாது. வேதம் வாசித்தவன் ஊருக்கு ஒருவன். மற்றச் சனம் முன்னால் நின்றவனைப் பார்த்தது. அவன் முழந்தாளிட்டால் முழந்தாளிட்டது. அவன் இறைச்சியை விட்டால் விட்டது. இன்றைக்கு ஹல்வார்ட் நாள், விதை மண்ணுக்குள் போக வேண்டும் என்றால் விதைத்தது. ஐரோப்பாவுக்குள் அந்த மதம் வாசித்து வந்ததை விடக் காலால் வந்ததுதான் அதிகம். பிறகு காரணம் மறந்து போகும். கால் மறக்காது."

லீசாவின் பேனை நின்றுவிட்டது. பிறகு கிழவரின் மனைவி, "எனக்குக் கால் விறைக்கிறது," என்றா. சிரிப்பு வெடித்தது.

அக்கா தோள்பையைத் திறந்தா. துப்புரவு வேலைக்காரியின் பை அது. பாலர் பாடசாலைகளில் சப்பாத்துக்கு மேலே மாட்டுகிற நீலப் பிளாஸ்டிக் உறை ஒரு கட்டு உள்ளே கிடந்தது. ஆளுக்கு இரண்டு கொடுத்தா. பேசாமல் இருப்பதையே விரதமாகக் கொண்ட துறவிகளின் மடத்துக்குள் இருபத்து மூன்று பேர் சரசரவென்று நீலக் காலோடு நடந்தோம். அவர்கள் பேசாமலே கையால் சாப்பாடு கேட்பார்களாம். மீன் வேண்டுமென்றால் உள்ளங்கையை வாலாட்டுவது போல ஆட்ட வேண்டும். எல்லோரும் ஆட்டினோம். நானும் ஆட்டினேன், ஐம்பத்திரண்டு வயதில், எண்ணெய்க் கறை போகாத கையால். இறைச்சி எப்படிக் கேட்பது என்று ஒருவர் கேட்டார். "கேட்கக்கூடாது," என்றா அக்கா. அடுப்பறை இருந்த இடத்தில் கிழவரின் மனைவி கையை வாலாட்டி ஆட்டி அழுகிற அளவுக்குச் சிரித்தா. லீசா கையை ஆட்டவில்லை. ஆனால் அவவின் பேனை ஒருதரம் வாலாட்டியதை நான் கண்டேன்.

கழுவுதொட்டியில் முடிய வேண்டியது மேற்குச் சுவரடியில் முடிந்தது. அப்போதுதான் வள்ளத்தின் ஊதல் கேட்டது.

எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். சப்பாத்து வரிசையில் ஒரே நிறத்தில் மூன்று சோடி. சண்முகலிங்கத்தார் யாருடையதையோ மாட்டிக்கொண்டு துறை வரை போய்விட்டார். அவருடையதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் பின்னால் ஓடினார். வாசலில் மிஞ்சியது லீசா. கல்லில் உட்கார்ந்து அந்த நீளச் சப்பாத்தின் கயிறு இருபது துளையையும் கோத்துக்கொண்டிருந்தா, விரல் விறைத்து ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாவது ஊதல். போன முறை தவறவிட்டதும் இந்த வள்ளத்தைத்தான்.

அக்கா ஓடிப்போய் ஈரப் புல்லில் முழந்தாளிட்டு லீசாவின் இடது காலைப் பிடித்தா. லீசா ஏதோ சொல்ல வாய் திறந்தா. அக்கா அவவின் வலது சப்பாத்தைக் கண்ணால் காட்டினா: உன் வேலையைப் பார். ஒரு சப்பாத்தை அவ, ஒரு சப்பாத்தை இவ, போட்டிக்குக் கட்டுவது போலக் கட்டினார்கள். அக்கா முதலில் முடித்தா. அதுவரை நின்று பார்த்த நான் முன்னால் ஓடிப் போய், வள்ளத்தின் பலகையில் ஒரு காலும் துறையில் ஒரு காலும் வைத்துக்கொண்டு நின்றேன், படகோட்டி என்னைத் திட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறினார்கள்.

வள்ளத்தில் லீசா முடிவு சொல்லவில்லை. கொப்பியை மூடிப் பையில் வைத்துவிட்டுத் தன் இடது சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தா.

ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் காலையில் அக்காவின் விரல் தடியில் நகர்ந்தது. ஆனால் சுவரிடம் கேள்வி கேட்கவில்லை என்று சண்முகலிங்கத்தார் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னார். அலுவலகத்தில் லீசாவின் மேசையை மட்டும் துடைக்காமல் விட்டாவாம். கண்ணில் ஏதும் பட்டுவிடும் என்று பயம்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. என்னையும் கூப்பிட்டார்கள். அக்கா மா பிசைந்துகொண்டிருந்தா, கையைக் கழுவ மாட்டேன் என்று நின்றா. றெபேக்கா உறையைக் கிழித்து வாசித்தா, நோர்வேஜியத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி.

"எழுத்திலை இல்லாத விசயம் சொன்னது ஏழு இடத்திலையாம். எண்ணியிருக்கிறாள்."

"போச்சு," என்றார் சண்முகலிங்கத்தார்.

"பொறுங்கோ அண்ணை. ஏழும் சரி பாத்தாளாம், பிழை இல்லையாம். நேரம் நாப்பத்தொன்பது நிமிசம், நாலு நிமிசம் கூட. இனி அறிவித்தலிலை தடிச்ச மேசு கொண்டு வரச்சொல்லிப் போடுவினமாம்." றெபேக்கா நிறுத்தி மூக்கை உறிஞ்சினா. "ஜூன் முதல் ஞாயிறிலையிருந்து. எடி, உனக்குத்தான்."

நான் அக்காவின் தோளைப் பார்த்தேன். ஏறவில்லை. கையைக் கழுவினா. சேலைத் தலைப்பில் துடைத்தா. ஆணியிலிருந்து தடியை எடுத்து மேசையில் கிடத்தி, பழம் வெட்டும் கத்தியால் மே பதினைந்தில், திரிகைக் கல்லுக்குப் பக்கத்தில், குனிந்து செதுக்கத் தொடங்கினா. கழுத்து நீண்ட ஒரு சப்பாத்து, அதில் இருந்து தொங்கும் கயிறு, நுனியில் ஒரு முடிச்சு.

"ஒண்டுதானோ? சோடி இல்லையோ?" என்று கேட்டேன்.

"மற்றது லீசா கட்டினது," என்றா அக்கா. மரத்தூளை ஊதிவிட்டுத் தடியை ஆணியில் மாட்டி, கேத்திலைப் போட்டா.